பாலஸ்தீனத் தனிநாடும் சமாதானமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்லூரிகளிலும் நூலக வாசகர் வட்டங்களிலும் மேற்கு ஆசியா பற்றிப் பேசப் போகும்போதெல்லாம், பேச்சு முடிந்ததும் எழும் கேள்விகள் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கின்றன. சிலர் தெரிந்துகொள்ளக் கேட்கிறார்கள். சிலர் பதிலை மனத்தில் முடிவு செய்துகொண்டு கேட்கிறார்கள். இரண்டு வகைக் கேள்விகளையும் கேட்டவர்களின் சொற்களிலேயே தொகுத்திருக்கிறேன். விவரங்கள் 2025 இறுதி வரையிலானவை. என் நிலைப்பாட்டையும் மறைக்கவில்லை. ஜோர்டான் நதிக்கும் மத்தியதரைக் கடலுக்கும் இடையே வாழும் இரண்டு மக்களும் அங்கேதான் இருக்கப் போகிறார்கள். இருவருக்கும் சொந்த நாடும் பயமில்லாத வாழ்வும் வேண்டும் என்று நினைப்பவன் நான்.

பாலஸ்தீனம் ஒரு நாடா, இல்லையா? முதலில் இதைச் சொல்லுங்கள்.

உலகின் பெரும்பாலான அரசுகளைக் கேட்டால், நாடுதான். நடைமுறையில், தன் எல்லையைத் தானே காக்க முடியாத, தன் சுங்க வரியைத் தானே வசூலிக்க முடியாத நாடு. 1988 நவம்பர் 15 அன்று அல்ஜியர்ஸ் நகரில் கூடிய பாலஸ்தீன தேசிய கவுன்சிலில், பாலஸ்தீன விடுதலை இயக்கத்தின் தலைவர் யாசர் அரஃபாத் சுதந்திரப் பிரகடனத்தை வாசித்தார். அந்த ஆண்டு முடிவதற்குள் எழுபதுக்கும் மேற்பட்ட நாடுகள் அங்கீகரித்தன. 2025 செப்டம்பரில் பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, போர்ச்சுகல், பிரான்ஸ் முதலியவை சேர்ந்தபின் அந்த எண்ணிக்கை 157 ஆனது. ஐ.நா.வின் மொத்த உறுப்பு நாடுகள் 193.

ஒரு நாட்டுக்கு என்னென்ன இருக்க வேண்டும் என்று 1933ஆம் ஆண்டின் மொன்டேவீடியோ உடன்படிக்கை சொல்கிறது: நிலையான மக்கள், வரையறுத்த நிலம், அரசு, பிற நாடுகளோடு உறவு கொள்ளும் திறன். மக்கள் இருக்கிறார்கள், உறவும் இருக்கிறது. நிலமும் அரசும்தான் சிக்கல். மேற்குக் கரை, கிழக்கு ஜெருசலேம், காசா ஆகிய மூன்றும் 1967 முதல் இஸ்ரேலின் ஆக்கிரமிப்பில் உள்ளவை என்பதே சர்வதேச நீதிமன்றத்தின் கருத்து. கீழே வரும் பதில்களில் பல இந்த இரண்டு குறைகளுக்கே திரும்பத் திரும்ப வந்து சேரும்.

157 நாடுகள் ஒப்புக்கொண்ட பிறகும் ஐ.நா.வில் ஏன் உறுப்பினராக முடியவில்லை?

பாதுகாப்பு கவுன்சில்தான் வாசல். அங்கே உள்ள 15 நாடுகளில் குறைந்தது 9 ஆதரிக்க வேண்டும். நிரந்தர உறுப்பினர்கள் ஐந்து பேரில் ஒருவரும் வீட்டோ செய்யக் கூடாது. அதன் பிறகே பொதுச் சபையில் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு. 2024 ஏப்ரல் 18 அன்று 12 நாடுகள் ஆதரித்தன, பிரிட்டனும் சுவிட்சர்லாந்தும் வாக்களிக்காமல் விலகி நின்றன, அமெரிக்கா வீட்டோ செய்தது. இன்று அந்த ஐந்து நிரந்தர உறுப்பினர்களில் பாலஸ்தீனத்தை அங்கீகரிக்காத ஒரே நாடும் அமெரிக்காதான்.

2012 நவம்பர் 29 முதல் பாலஸ்தீனம் உறுப்பினர் அல்லாத பார்வையாளர் நாடாக இருக்கிறது. பெயருக்குக் கிடைத்த தகுதி என்று இதை ஒதுக்கிவிட வேண்டாம். அந்தத் தகுதியை வைத்துத்தான் 2015இல் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தில் உறுப்பினரானது. 2024 நவம்பரில் இஸ்ரேல் பிரதமர் நெதன்யாகு மீதும், முன்னாள் பாதுகாப்பு அமைச்சர் காலண்ட் மீதும், ஹமாஸின் ராணுவத் தலைவர் முகமது தெய்ஃப் மீதும் அந்த நீதிமன்றம் கைது வாரண்ட் பிறப்பிக்க முடிந்ததற்கு அடிப்படை அந்த உறுப்புரிமையே.

இது இரண்டாயிரம் ஆண்டு மதச் சண்டைதானே? இதை யாரால் தீர்க்க முடியும்?

இல்லை. ஏறத்தாழ நூறாண்டு நிலத் தகராறு இது. யூத தேசிய இயக்கமும் அரபு தேசிய இயக்கமும் ஒரே மண்ணில் வளர்ந்தன. 1917இல் பால்ஃபர் பிரகடனத்தின் மூலம் பிரிட்டன் யூதர்களுக்கு அங்கே தாயகம் அமைக்க உதவுவதாக வாக்களித்தது. மதம் பின்னால் வந்து ஏறிக்கொண்டது, இன்று இரு பக்கத்திலும் பலமாகவே ஏறியிருக்கிறது. பாலஸ்தீனர்களில் கிறிஸ்தவர்களும் உண்டு. அவர்களுக்கும் இதே சோதனைச் சாவடி, இதே வேலி.

1948க்கு முன்பு பாலஸ்தீனம் என்று ஒரு நாடே இருந்ததில்லை என்கிறார்களே?

சுதந்திர நாடாக இருந்ததில்லை என்பது உண்மை. முதலில் ஒட்டோமான் பேரரசின் பகுதி, பிறகு பிரிட்டனின் பொறுப்பாட்சி. ஆனால் அந்தப் பொறுப்பாட்சிப் பகுதிக்குப் பெயர் பாலஸ்தீனம்தான். அரபு, ஹீப்ரு, ஆங்கிலம் மூன்றிலும் அச்சிட்ட பாலஸ்தீன பவுண்டு அங்கே புழக்கத்தில் இருந்தது. பேரரசுகளின் கீழ் இருந்த இத்தகைய பகுதிகளைச் சுதந்திரத்துக்குத் தயார் செய்வதுதான் பொறுப்பாட்சியின் நோக்கம் என்று, ஐ.நா.வுக்கு முன்னோடியான சர்வதேச சங்கத்தின் சாசனம் சொன்னது. இராக், சிரியா, லெபனான், ஜோர்டான் எல்லாம் அப்படித்தான் நாடுகள் ஆயின.

முன்பு நாடாக இல்லாததால் இனியும் கூடாது என்பதை அளவுகோலாக வைத்தால் ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் பாதி வரைபடத்தை அழிக்க வேண்டியிருக்கும். அதே அளவுகோல் இஸ்ரேலையும் விடாது.

1947இல் ஐ.நா. கொடுத்ததை அரபுகள் வாங்கிக்கொண்டிருந்தால் இவ்வளவும் நடந்திருக்காதே?

வாங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஏன் மறுத்தார்கள் என்பதைச் சொல்ல முடியும். 1947 நவம்பர் 29 அன்று நிறைவேறிய 181ஆம் தீர்மானம், மக்கள்தொகையில் மூன்றில் ஒரு பங்காக இருந்த யூதர்களுக்குச் சுமார் 55 விழுக்காடு நிலத்தை ஒதுக்கியது. அந்த யூத நாட்டுக்குள்ளேயே ஏறத்தாழ நான்கு லட்சம் அரபுகள் வாழ்ந்தார்கள். தங்கள் ஊரில் தங்களைக் கேட்காமல் போட்ட கோடு இது என்றுதான் அவர்கள் கண்டார்கள். யூதத் தரப்பிலோ, ஐரோப்பாவில் அறுபது லட்சம் பேர் கொல்லப்பட்டு சில ஆண்டுகளே ஆகியிருந்தன; தப்பியவர்கள் முகாம்களில் காத்திருந்தார்கள். தலை சாய்க்க ஓர் இடம் என்பது அவர்களுக்கு உயிர்ப் பிரச்சினை. இந்த இரண்டையும் ஒருசேர மனத்தில் வைக்காமல் இந்த வரலாற்றைப் படிக்கவே கூடாது என்பேன்.

1948 மே 14 அன்று இஸ்ரேல் பிறந்தது, மறுநாளே அண்டை அரபு நாடுகளின் படைகள் நுழைந்தன. 1949இல் போர் ஓய்ந்தபோது பொறுப்பாட்சி நிலத்தில் சுமார் 78 விழுக்காடு இஸ்ரேல் வசம். ஏறத்தாழ ஏழு லட்சம் பாலஸ்தீனர்கள் வீடிழந்தார்கள். பேரழிவு என்னும் பொருளில் அதை நக்பா என்கிறார்கள். மீதி நிலத்தில் பாலஸ்தீன நாடு அமைந்ததா என்றால் அதுவும் இல்லை. மேற்குக் கரையை ஜோர்டான் இணைத்துக்கொண்டது, காசாவை எகிப்து ஆண்டது. அரபு அரசுகள் இதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

எப்போது பார்த்தாலும் '67 எல்லை' என்கிறார்கள். அது என்ன எல்லை?

1949 போர் நிறுத்தக் கோடுதான் அது. வரைபடத்தில் பச்சை மையால் வரைந்ததால் பச்சைக் கோடு என்ற பெயரும் உண்டு. 1967 ஜூனில் நடந்த ஆறு நாள் போர் வரை இஸ்ரேல் அந்தக் கோட்டுக்கு இப்பால் இருந்தது. போரில் மேற்குக் கரை, காசா, கிழக்கு ஜெருசலேம், எகிப்தின் சினாய், சிரியாவின் கோலான் குன்றுகள் அனைத்தையும் பிடித்தது. அந்த ஆண்டு நவம்பரில் பாதுகாப்பு கவுன்சில் இயற்றிய 242ஆம் தீர்மானம், போரின் மூலம் நிலத்தைச் சொந்தமாக்கிக்கொள்வது ஏற்கத்தக்கதல்ல என்றது. அப்பகுதியில் உள்ள ஒவ்வொரு நாட்டுக்கும் அச்சமின்றி வாழும் உரிமை உண்டு என்பதையும் அதே தீர்மானம்தான் சொன்னது. நிலத்தைக் கொடு, சமாதானத்தைப் பெற்றுக்கொள் என்பதே அதன் சாரம்.

கவனிக்க வேண்டியது இதுதான்: 67 எல்லையைக் கேட்கும் பாலஸ்தீனர்கள் பழைய நிலத்தில் 22 விழுக்காட்டைத்தான் கேட்கிறார்கள். 78 விழுக்காட்டை விட்டுக்கொடுத்து, இஸ்ரேலின் இருப்பை ஏற்பதாக 1993இல் பாலஸ்தீன விடுதலை இயக்கம் எழுத்தில் கொடுத்துவிட்டது. அவர்கள் எதையுமே விட்டுக்கொடுக்கவில்லை என்று பேசுகிறவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும்.

ஆஸ்லோவில் கைகுலுக்கினார்களே, நோபல் பரிசு கூடக் கொடுத்தார்களே. பிறகு ஏன் நாடு வரவில்லை?

ஆஸ்லோ ஒப்பந்தத்தில் பாலஸ்தீன நாடு என்ற வாக்குறுதியே இல்லை. 1993 செப்டம்பர் 13 அன்று வெள்ளை மாளிகைப் புல்வெளியில் இஸ்ரேல் பிரதமர் ராபினும் அரஃபாத்தும் கைகுலுக்கியது ஐந்தாண்டு இடைக்கால ஏற்பாட்டுக்காக. ஜெருசலேம், அகதிகள், எல்லை, 1967இல் பிடித்த நிலத்தில் இஸ்ரேலியர்கள் அமைத்த குடியேற்றங்கள் ஆகிய கடினமானவை அனைத்தையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒத்திவைத்தார்கள். 1995இல் இரண்டாம் ஒப்பந்தம் மேற்குக் கரையை ஏ, பி, சி என்று மூன்றாகப் பிரித்தது. ஏ பகுதியில் நிர்வாகமும் காவலும், ஆஸ்லோ ஏற்பாட்டில் உருவான பாலஸ்தீன ஆணையத்திடம். பி பகுதியில் நிர்வாகம் மட்டும். சி பகுதி முழுக்க இஸ்ரேல் ராணுவத்திடம். சி பகுதி மட்டும் சுமார் 60 விழுக்காடு. ஏ, பி பகுதிகள் அதற்குள் தீவுகளாகச் சிதறிக் கிடக்கின்றன. ஐந்து ஆண்டுக்கென்று போட்ட ஏற்பாடு முப்பது ஆண்டுகளாக நீடிக்கிறது.

பணமும் இப்படித்தான். 1994ஆம் ஆண்டின் பாரிஸ் நெறிமுறைப்படி பாலஸ்தீனத்துக்கு வரும் சரக்குக்கான வரியை இஸ்ரேல் வசூலித்து மாதாமாதம் ஆணையத்துக்குத் தர வேண்டும். ஆணையத்தின் வருவாயில் பெரும்பகுதி அதுவே. உறவு கசக்கும்போதெல்லாம் இஸ்ரேல் அதை நிறுத்திவைக்கிறது. ஆசிரியர்களுக்கும் மருத்துவர்களுக்கும் சம்பளம் பாதியாகிறது.

ஒப்பந்தத்தைக் கொல்ல நினைத்தவர்கள் இரு பக்கத்திலும் இருந்தார்கள். 1994 பிப்ரவரியில் பாருக் கோல்ட்ஸ்டைன் என்ற குடியேறி ஹெப்ரான் மசூதியில் தொழுதுகொண்டிருந்த 29 பேரைச் சுட்டுக் கொன்றான். ஹமாஸ் இஸ்ரேலிய நகரப் பேருந்துகளில் தற்கொலைக் குண்டுகளை வெடிக்கச் செய்தது. 1995 நவம்பர் 4 அன்று டெல் அவிவில் சமாதானப் பேரணி முடிந்து இறங்கி வந்த ராபினை யிகால் அமீர் என்ற யூதத் தீவிரவாதி சுட்டுக் கொன்றான். அடுத்த ஆண்டுத் தேர்தலில் நெதன்யாகு மயிரிழையில் வென்றார்.

குடியேற்றம், குடியேற்றம் என்கிறீர்கள். சில ஆயிரம் பேர் வீடு கட்டிக்கொண்டு வாழ்வதில் என்ன பெரிய தடை?

சில ஆயிரம் இல்லை. ஆஸ்லோ கையெழுத்தான காலத்தில் மேற்குக் கரையில் ஒரு லட்சத்துச் சொச்சம் குடியேறிகள் இருந்தார்கள். இன்று சுமார் ஐந்து லட்சம். கிழக்கு ஜெருசலேமில் இன்னும் இரண்டு லட்சத்துக்கு மேல். சமாதானப் பேச்சு நடந்த ஆண்டுகளிலும் இந்த எண்ணிக்கை ஏறிக்கொண்டேதான் இருந்தது. யாருக்கு எவ்வளவு என்று பேசிக்கொண்டிருக்கும்போதே ஒருவர் ரொட்டியைப் பிட்டுத் தின்றுகொண்டிருப்பது போன்றது இது.

ஒரு குடியேற்றம் என்றால் வீடுகள் மட்டும் இல்லை. அதற்குத் தனிச் சாலை, அதைக் காக்க ராணுவம், சுற்றிப் பாதுகாப்பு வளையம், கிணறு. பக்கத்துக் கிராமத்து விவசாயி தன் ஒலிவ மரங்களிடம் போக அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். ஆக்கிரமித்த நிலத்தில் சொந்தக் குடிமக்களைக் குடியமர்த்தக் கூடாது என்று நான்காம் ஜெனிவா உடன்படிக்கை சொல்கிறது. 1967 செப்டம்பரிலேயே இஸ்ரேல் வெளியுறவு அமைச்சகத்தின் சட்ட ஆலோசகர் தியோடர் மெரோன் தன் அரசுக்கு இதையே எழுதிக் கொடுத்தார். ஆக, தெரியாமல் நடந்தது என்று சொல்வதற்கில்லை. இஸ்ரேல் அரசு இந்த விளக்கத்தை மறுக்கிறது. அது பிணக்குள்ள நிலம், ஆக்கிரமித்த நிலம் இல்லை என்பது அதன் வாதம். 2024 ஜூலையில் சர்வதேச நீதிமன்றம் தன் ஆலோசனைக் கருத்தில் அந்த வாதத்தை ஏற்கவில்லை. ஆக்கிரமிப்பே சட்டவிரோதம், கூடிய விரைவில் முடிக்க வேண்டும் என்றது.

இப்போதைய பெரும் கவலை ஈ-1 என்னும் திட்டம். ஜெருசலேமுக்குக் கிழக்கே சுமார் 12 சதுர கிலோமீட்டர். 2025 ஆகஸ்டில் ஏறத்தாழ 3,400 வீடுகளுக்கு ஒப்புதல் கிடைத்தது. அங்கே கட்டி முடித்தால் மேற்குக் கரையின் வடக்கும் தெற்கும் கிழக்கு ஜெருசலேமிலிருந்தும் ஒன்றிலிருந்து மற்றொன்றும் பெரும்பாலும் துண்டிக்கப்படும். இது பாலஸ்தீன நாடு என்னும் எண்ணத்தையே புதைத்துவிடும் என்று நிதியமைச்சர் ஸ்மோட்ரிச் வெளிப்படையாகவே அறிவித்தார்.

2000இல் கேம்ப் டேவிட்டில் எல்லாவற்றையும் கொடுத்தும் அரஃபாத் வேண்டாம் என்றாராமே?

எல்லாவற்றையும் கொடுக்கவில்லை, ஒன்றும் கொடுக்கவில்லை என்றும் சொல்ல முடியாது. அமெரிக்க அதிபர் கிளின்டன் நடத்திய அந்தப் பேச்சில், அதுவரை எந்த இஸ்ரேல் பிரதமரும் போகாத தூரம் அன்றைய பிரதமர் பராக் போனார். ஆனால் எழுத்தில் முழுத் திட்டம் வைக்கப்படவில்லை. ஜெருசலேமின் புனித வளாகத்தில் இறையாண்மை யாருக்கு என்பதில் பேச்சு முறிந்தது. அங்கே பராக்கின் அமைச்சராக இருந்த ஷ்லோமோ பென் அமி, நான் பாலஸ்தீனனாக இருந்திருந்தால் நானும் அதை மறுத்திருப்பேன் என்று 2006இல் சொன்னார். அரஃபாத் மாற்றுத் திட்டம் எதையும் முன்வைக்காமல் இருந்ததும் பெரும் பிழை. அமெரிக்கத் தரப்பிலும் பாலஸ்தீனத் தரப்பிலுமே இதைச் சொன்னவர்கள் உண்டு.

கதை அங்கே முடிவதாக நினைப்பது தவறு. அந்த டிசம்பரில் கிளின்டன் ஒரு வரைவை வைத்தார்: மேற்குக் கரையில் 94 முதல் 96 விழுக்காடு பாலஸ்தீனத்துக்கு, மீதிக்கு ஓரளவு நில மாற்று, ஜெருசலேமில் அரபுக் குடியிருப்புகள் பாலஸ்தீனத்துக்கு, யூதக் குடியிருப்புகள் இஸ்ரேலுக்கு. 2001 ஜனவரியில் எகிப்தின் தபாவில் இரு தரப்பும் இன்னும் நெருங்கின; அதற்குள் இண்டிஃபாதா என்னும் பாலஸ்தீன எழுச்சி பற்றி எரிந்துகொண்டிருந்தது, பராக் தேர்தலில் தோற்றார். 2008இல் இஸ்ரேல் பிரதமர் எகுட் ஒல்மெர்ட், பாலஸ்தீன ஆணையத் தலைவர் மக்மூத் அப்பாஸிடம் ஏறத்தாழ இதே அளவில் ஒரு வரைபடத்தைக் காட்டினார். ஊழல் விசாரணையால் பதவி விலகப் போவதாக அவர் அறிவித்திருந்த நேரம் அது, அப்பாஸ் கையெழுத்திடவில்லை. தீர்வின் உருவம் யாருக்கும் தெரியாத ரகசியம் இல்லை என்பதற்காக இவற்றைச் சொல்கிறேன். மூன்று முறை தாளில் ஏறத்தாழ ஒரே படம்தான் வரையப்பட்டது.

2005இல் காசாவை விட்டுப் போனார்களே. பதிலுக்குக் கிடைத்தது ராக்கெட்தானே?

இஸ்ரேலியர்கள் மனத்தில் ஆழமாகப் பதிந்த கேள்வி இது. மதித்துப் பதில் சொல்ல வேண்டும். இஸ்ரேல் பிரதமர் ஷரோனின் அரசு காசாவில் 21 குடியேற்றங்களைக் காலி செய்து, எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட குடியேறிகளை வெளியேற்றியது. ராக்கெட்டுகள் வந்தது உண்மை. காசாவை ஒட்டிய ஸ்டெரோட் நகரத்துக் குழந்தைகள் பதுங்கறைக்கு ஓடி வளர்ந்ததும் உண்மை.

ஆனால் அந்த வெளியேற்றம் சமாதான ஒப்பந்தத்தின் பகுதியாக நடக்கவில்லை. பேச்சுவார்த்தையை நம்பிய அப்பாஸிடம் ஒப்படைக்காமல் தன்னிச்சையாகச் செய்தார்கள். எங்கள் குண்டுகள்தான் விரட்டின என்று ஹமாஸ் சொல்லிக்கொள்ள அது வசதியானது. அரசியல் பேச்சை உறையவைப்பதே நோக்கம் என்று ஷரோனின் ஆலோசகர் டோவ் வைஸ்கிளாஸ் 2004இல் ஹாரெட்ஸ் நாளிதழ்ப் பேட்டியில் சொல்லியிருந்தார். வானும் கடலும் பெரும்பாலான நிலவாசல்களும் இஸ்ரேலின் கையிலேயே இருந்தன. 2007இல் ஹமாஸ் காசாவைக் கைப்பற்றியபின் இஸ்ரேலும் எகிப்தும் முற்றுகையை இறுக்கின. 365 சதுர கிலோமீட்டரில், காலப்போக்கில் இருபது லட்சமாகப் பெருகிய மக்கள் அடைபட்டார்கள்.

ஒப்பந்தம் செய்துகொண்டு வெளியேறிய சினாயைப் பாருங்கள். 1979இல் எகிப்துடன் கையெழுத்திட்டு, 1982க்குள் யமித் உட்பட அங்கிருந்த குடியேற்றங்கள் அனைத்தையும் இஸ்ரேல் காலி செய்தது. அந்த எல்லையில் இரு நாடுகளுக்கும் இடையே அதன்பின் போர் வரவில்லை.

ஹமாஸ்தானே பாலஸ்தீன அரசு?

இல்லை. மேற்குக் கரையின் நகரங்களை நிர்வகிப்பது பாலஸ்தீன ஆணையம். அதன் தலைவர் அப்பாஸ், ஹமாஸின் போட்டி இயக்கமான ஃபதாவைச் சேர்ந்தவர். உலக அரங்கில் பேசுவது பாலஸ்தீன விடுதலை இயக்கம். ஹமாஸ் அதில் உறுப்பினரே இல்லை. 2006 தேர்தலில் 132 இடங்களில் 74ஐ ஹமாஸ் வென்றது. மறு ஆண்டு ஹமாஸும் ஃபதாவும் துப்பாக்கியால் மோதிப் பிரிந்தன. 2017இல் வெளியிட்ட ஆவணத்தில் 67 எல்லையில் ஒரு நாட்டை ஹமாஸ் ஏற்றது, இஸ்ரேலை அங்கீகரிக்கவில்லை.

ஆணையத்தின் நிலையும் வருத்தம் தருவது. நான்காண்டுப் பதவிக்கு 2005இல் தேர்வான அப்பாஸ் இன்னும் பதவியில் இருக்கிறார். 2021இல் அறிவித்த தேர்தலையும் நிறுத்தினார். ஊழல் புகார்களும், இஸ்ரேல் ராணுவத்தோடு கைகோத்துச் சொந்த இளைஞர்களை அடக்குகிறார்கள் என்ற கோபமும் மக்களிடம் உண்டு. முதல் பதிலில் சொன்ன 'அரசு' என்ற குறைக்கு ஆக்கிரமிப்பு மட்டுமே காரணம் இல்லை.

அக்டோபர் 7க்குப் பிறகு தனிநாடு கொடுத்தால் அது பயங்கரவாதத்துக்குப் பரிசு ஆகாதா?

2023 அக்டோபர் 7 அன்று ஹமாஸும் கூட்டாளிகளும் சுமார் 1,200 பேரைக் கொன்றார்கள், 251 பேரைப் பணயக்கைதிகளாகப் பிடித்துச் சென்றார்கள். வீடுகளில் இருந்த குடும்பங்களையும் இசை விழாவுக்கு வந்த இளைஞர்களையும் கொல்வதை எந்த விடுதலையின் பெயராலும் நியாயப்படுத்த முடியாது. அதன்பின் காசாவில் இஸ்ரேல் நடத்திய போரில் 67,000க்கும் மேற்பட்டோர் இறந்ததாகக் காசா சுகாதார அமைச்சகம் 2025 அக்டோபரில் கணக்கிட்டது. பெண்களும் குழந்தைகளும் பெருந்தொகை. பட்டினி ஆயுதமானது. நடந்தது இனப்படுகொலை என்று ஐ.நா.வின் விசாரணை ஆணையம் 2025 செப்டம்பரில் முடிவு செய்தது. இஸ்ரேல் அதை மறுக்கிறது, தென்னாப்பிரிக்கா தொடுத்த வழக்கு சர்வதேச நீதிமன்றத்தில் நடக்கிறது. இந்த அழிவையும் எந்தத் தற்காப்பின் பெயராலும் நியாயப்படுத்த முடியாது.

பரிசு என்ற வாதத்துக்கு வருகிறேன். ஒரு மக்களின் சுயநிர்ணய உரிமை நல்ல நடத்தைக்குக் கொடுக்கும் வெகுமதி இல்லை. இன்னொன்று: 67 எல்லையில் இஸ்ரேலின் பக்கத்தில் ஒரு நாடு என்பது ஹமாஸின் கனவே இல்லை, அதன் போட்டியாளர்களின் திட்டம். 2025 செப்டம்பர் 12 அன்று ஐ.நா. பொதுச் சபை 142 வாக்குகளால் ஏற்ற நியூயார்க் பிரகடனம் அக்டோபர் 7 தாக்குதலைக் கண்டித்தது, ஹமாஸ் ஆயுதங்களை ஆணையத்திடம் ஒப்படைக்க வேண்டும் என்றது. சவூதியும் கத்தாரும் எகிப்தும் அதை ஆதரித்தன. பேச்சின் வழியில் நடந்தவர்கள் முப்பது ஆண்டுகளாக வெறுங்கையோடு நிற்பதுதான் துப்பாக்கி ஏந்தியவர்களுக்குக் கிடைத்த பெரிய பரிசு.

ஜெருசலேமை எப்படிப் பிரிப்பது? நடக்கிற காரியமா?

நகரம் முழுவதும் தன் தலைநகரம் என்று 1980இல் இஸ்ரேல் சட்டம் இயற்றியது. பாதுகாப்பு கவுன்சில் அதைச் செல்லாது என்றது. கிழக்குப் பகுதியில் மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட பாலஸ்தீனர்கள் வாழ்கிறார்கள். பெரும்பாலோருக்கு வசிக்கும் அனுமதி மட்டும், குடியுரிமை இல்லை. சுவர் எழுப்பிப் பிரிக்க வேண்டியதில்லை. திறந்த நகரத்தில் இரண்டு தலைநகரங்கள் என்பதுதான் மேலே கேம்ப் டேவிட் பற்றிய பதிலில் சொன்ன கிளின்டன் வரைவின் வழி. உண்மையில் கடினமானது ஒரு சதுர கிலோமீட்டருக்கும் குறைவான பழைய நகரமும், அதனுள் முஸ்லிம்களுக்கும் யூதர்களுக்கும் புனிதமான அல் அக்ஸா வளாகமும், யூதர்கள் வழிபடும் மேற்குச் சுவரும். அங்கே யாருக்கும் முழு இறையாண்மை கேட்காமல் வழிபாட்டு உரிமையைப் பொதுவில் காப்பதே நடக்கக்கூடிய ஏற்பாடு என்று தோன்றுகிறது.

அகதிகள் எல்லாரும் திரும்பி வந்தால் இஸ்ரேல் என்ற நாடே இருக்காதே?

இஸ்ரேலியர்களின் அச்சம் இதுவே. ஐ.நா.வின் அகதிகள் முகமையில் பதிவு பெற்றவர்கள் சுமார் 59 லட்சம் பேர். திரும்ப விரும்புவோர் திரும்பலாம், விரும்பாதோருக்கு இழப்பீடு என்று 1948 டிசம்பரில் 194ஆம் தீர்மானம் சொன்னது. பாலஸ்தீனர்களுக்கு அது உரிமை. பூட்டிய வீட்டின் சாவியை இன்னும் வைத்திருக்கும் குடும்பங்கள் இருக்கின்றன. அரபு நாடுகளிலிருந்து சொத்தை இழந்து வந்த லட்சக்கணக்கான யூதர்களின் கணக்கும் தீர்க்கப்படாமலே இருக்கிறது.

பேச்சு மேசையில் உருவான வழி நான்கைந்து கிளைகள் கொண்டது: புதிய பாலஸ்தீன நாட்டுக்குத் திரும்புவது, இருக்கும் நாட்டிலேயே குடியுரிமை, மூன்றாம் நாடு, இஸ்ரேல் ஏற்கும் ஓர் எண்ணிக்கை, எல்லோருக்கும் இழப்பீடு. 2002இல் பெய்ரூட்டில் அரபு லீக் முன்வைத்த சமாதானத் திட்டமும் 'ஒப்புக்கொள்ளப்படும் நியாயமான தீர்வு' என்றே சொல்கிறது. அந்தச் சொற்றொடரில் இஸ்ரேலின் சம்மதமும் அடங்கியிருக்கிறது. முழு எண்ணிக்கையும் திரும்பப் போவதில்லை என்பது பேசியவர்களுக்குத் தெரியும். இழைத்த தீங்கை ஒப்புக்கொள்ளும் ஒரு வாக்கியம் அதே அளவு முக்கியம் என்பதும் தெரியும்.

இரண்டு நாடு எதற்கு? எல்லோருக்கும் ஓட்டுரிமையோடு ஒரே நாடாக இருந்துவிடலாமே?

நியாயமான கேள்வி. நதிக்கும் கடலுக்கும் இடையே யூதர்களும் பாலஸ்தீனர்களும் தலா எழுபது லட்சம் அளவில் இருக்கிறார்கள். சமமான குடியுரிமையோடு ஒன்றாக வாழ்வதை நான் எதிர்க்கவில்லை. ஆனால் தனக்கென ஒரு நாடு வேண்டும் என்ற வேட்கை இருவரிடமும் இன்னும் தணியவில்லை. இன்று நடைமுறையில் இருப்பது சமமில்லாத ஒரே நாடு. பீட்செலம் என்ற இஸ்ரேலிய மனித உரிமை அமைப்பே 2021இல் அதை இனஒதுக்கல் ஆட்சி என்று வருணித்தது.

'அனைவருக்கும் ஒரு நிலம்' என்ற இஸ்ரேலிய - பாலஸ்தீன இயக்கம் நடு வழி ஒன்றைச் சொல்கிறது. இரண்டு நாடுகள், திறந்த எல்லை, எங்கு வாழ்ந்தாலும் ஓட்டு சொந்த நாட்டில். ஏழு லட்சம் குடியேறிகளை என்ன செய்வது, அகதிகளை என்ன செய்வது என்ற இரண்டு முடிச்சுகளையும் சேர்த்து அவிழ்க்க முயலும் திட்டம் என்பதால் என்னைக் கவர்கிறது.

இந்தியா யார் பக்கம்?

1947இல் பாலஸ்தீனம் பற்றிய ஐ.நா. சிறப்புக் குழுவில் இந்தியாவும் இருந்தது. ஈரான், யூகோஸ்லாவியாவோடு சேர்ந்து, பிரிவினைக்குப் பதிலாகக் கூட்டாட்சி நாடு என்ற திட்டத்தை ஆதரித்தது. பிரிவினைத் தீர்மானத்தை எதிர்த்து வாக்களித்தது. 1950இல் இஸ்ரேலை அங்கீகரித்தது, 1988 நவம்பரில் பாலஸ்தீனத்தையும் அங்கீகரித்தது, 1992இல் இஸ்ரேலுடன் முழுத் தூதரக உறவு வைத்தது. இன்று இஸ்ரேலிடம் ஆயுதம் வாங்கும் முக்கிய நாடு. 2025 ஜூனில் காசா போர் நிறுத்தத் தீர்மானத்தில் வாக்களிக்காமல் விலகியது. செப்டம்பரில் நியூயார்க் பிரகடனத்தை ஆதரித்தது. இரு நாட்டுத் தீர்வு என்ற கொள்கை மாறவில்லை, குரலின் உரம் குறைந்திருக்கிறது என்பதே என் கணிப்பு. அது எனக்கு வருத்தம் தருகிறது.

அங்கே உள்ள சாதாரண மக்கள் சமாதானத்தை விரும்புகிறார்களா? இரு பக்கமும் வெறுப்புதானே தெரிகிறது?

வெறுப்பு கூடியிருக்கிறது, மறுக்கவில்லை. 2024 ஜூலையில் இஸ்ரேல் நாடாளுமன்றமே பாலஸ்தீன நாட்டை எதிர்த்து 68க்கு 9 என்று தீர்மானம் நிறைவேற்றியது. ஆனால் வேறு மனிதர்களும் இருக்கிறார்கள். 1994இல் ஹமாஸ் கடத்திக் கொன்ற இளைஞனின் தந்தை யிட்சக் ஃபிராங்கென்தால், பிள்ளையை இழந்த பெற்றோருக்கான வட்டத்தைத் தொடங்கினார். இன்று நூற்றுக்கணக்கான இஸ்ரேலிய, பாலஸ்தீனக் குடும்பங்கள் அதில் சேர்ந்து பேசுகின்றன. முன்னாள் சிப்பாய்களும் முன்னாள் போராளிகளும் சேர்ந்து நடத்தும் 'சமாதானத்துக்கான போராளிகள்' என்ற அமைப்பும் உண்டு. காசா மருத்துவர் இஸ்ஸல்தீன் அபூலைஷ் 2009இல் இஸ்ரேல் டாங்கியின் குண்டுக்கு மூன்று மகள்களைப் பறிகொடுத்தார். அதன் பின்னும் வெறுக்க மாட்டேன் என்று ஊர் ஊராகப் பேசி வருகிறார்.

விவியன் சில்வரின் பெயரையும் சொல்ல வேண்டும். காசா நோயாளிகளைத் தன் காரில் இஸ்ரேலிய மருத்துவமனைகளுக்கு அழைத்துச் சென்றவர். 'பெண்கள் சமாதானத்தைக் கொணர்வர்' என்ற இயக்கத்தை உருவாக்கியவர்களில் ஒருவர். 2023 அக்டோபர் 4 அன்று அந்த இயக்கமும் பாலஸ்தீனப் பெண்களின் இயக்கமும் சேர்ந்து ஜெருசலேமில் பேரணி நடத்தின. மூன்று நாளில், அக்டோபர் 7 தாக்குதலில், காசா எல்லையருகே பேரி கிப்புட்ஸ் என்னும் கூட்டுக் குடியிருப்பில் தன் வீட்டிலேயே விவியன் கொல்லப்பட்டார். அவருடைய மகன் யோனதன் இன்று முழுநேரச் சமாதானப் பணியாளர். இவர்களைக் கனவு காண்கிறவர்கள் என்று தள்ளிவிடாதீர்கள். போரின் விலையை நம் எல்லோரையும்விட அதிகம் கொடுத்தவர்கள் இவர்கள்.

2025இல் போர் நிறுத்தம் வந்துவிட்டதே. இனி நாடு வந்துவிடுமா?

தானாக வராது. அக்டோபர் 10 முதல் போர் நிறுத்தம். 13 அன்று உயிரோடிருந்த கடைசி 20 பணயக்கைதிகளும் விடுதலையானார்கள், கிட்டத்தட்ட இரண்டாயிரம் பாலஸ்தீனக் கைதிகளும் விடுதலையானார்கள். நவம்பர் 17 அன்று பாதுகாப்பு கவுன்சில் 2803ஆம் தீர்மானத்தின் மூலம், காசா போரை முடிக்க அமெரிக்க அதிபர் டிரம்ப் வைத்த திட்டத்தை ஏற்றது. காசாவுக்குப் பன்னாட்டுப் படை, இடைக்கால நிர்வாகத்துக்கு ஒரு வாரியம். ஆணையம் சீர்திருந்தி மறுகட்டுமானம் முன்னேறினால் பாலஸ்தீன நாட்டுக்கான நம்பத்தகுந்த பாதைக்கு நிலைமை 'கனியக்கூடும்' என்பது அதன் வாசகம். தேதி இல்லை, வரைபடம் இல்லை, குடியேற்றங்களை நிறுத்தும் கட்டளை இல்லை. ஆஸ்லோவில் செய்த அதே ஒத்திவைப்பு இங்கேயும் தெரிகிறது. நெதன்யாகு எந்தப் பாலஸ்தீன நாட்டையும் ஏற்க மாட்டேன் என்று வெளிப்படையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அப்படியானால் அங்கீகாரம் கொடுத்த நாடுகள் எல்லாம் நாடகம் ஆடுகின்றனவா?

நாடகம் என்று சொல்ல மாட்டேன். பால்ஃபர் பிரகடனம் வெளியிட்ட பிரிட்டனே அங்கீகரித்தது வரலாற்றில் எடையுள்ள செயல். ஆனால் முதல் பதிலில் சொன்ன நிலம், அரசு ஆகிய இரண்டு குறைகளில் ஒன்றையும் அங்கீகாரக் கடிதம் நிரப்பாது. அங்கீகரித்த நாடே குடியேற்றங்களில் விளைந்த பொருளை இறக்குமதி செய்துகொண்டிருந்தால் அது முரண். அயர்லாந்து, ஸ்லோவேனியா, ஸ்பெயின் ஆகியவை அந்த வணிகத்தைத் தடுக்க நடவடிக்கை எடுத்திருக்கின்றன. மற்றவை அடுத்து அதைத்தான் செய்ய வேண்டும்.

எதைப் பார்த்தால் சமாதானம் நெருங்குகிறது என்று நம்பலாம்? தலைவர்கள் பேச்சைக் கேட்டு அலுத்துவிட்டது.

நான் நான்கு இடங்களைக் கவனிக்கிறேன். வரிப்பணம் மாதாமாதம் ஆணையத்துக்குப் போய்ச் சேருகிறதா. போர் முடிந்து ஓராண்டுக்குள் தேர்தல் என்று அப்பாஸ் 2025இல் கொடுத்த வாக்கு நிறைவேறுகிறதா, அதில் கிழக்கு ஜெருசலேம் மக்களும் வாக்களிக்க முடிகிறதா. காசாவில் ஹமாஸ் ஆயுதத்தைக் கீழே வைக்கிறதா, இஸ்ரேல் ராணுவம் முழுமையாக வெளியேறுகிறதா. இந்த இரண்டில் ஒன்று நடக்காமல் மற்றது நடக்காது. நான்காவது, ஈ-1 நிலத்தில் புல்டோசர்கள் நிற்கின்றனவா, ஓடுகின்றனவா. முதல் மூன்றையும் தள்ளிப்போட்டாலும் பிறகு சரிசெய்ய முடியும். அந்த 12 சதுர கிலோமீட்டரில் ஊர் எழுந்து மக்கள் குடியேறிவிட்டால், தபாவிலும் ஒல்மெர்ட்டின் வரைபடத்திலும் இருந்த நாட்டை அதன்பின் வரையவே இடம் இருக்காது.